காரீயத்துக்குள் ஓர் உலகம்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பென்சிலால் கோடு போடும்போது கடதாசியில் ஒட்டுவது காரீயம். காபன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதே அது. தாளுக்குள் பிணைப்பு வலிது, தாள்களுக்கிடையே மெலிது. அதனால் வழுக்கிக் கழன்று வருகிறது. நமது நாட்டின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் இது பாறை வெடிப்புகளில் நரம்புபோல் ஓடுகிறது, தூய்மைக்குப் பேர்போனது.

காரீயம் ஓர் அரையுலோகம். செம்பில் மின்னைக் காவும் இலத்திரன்கள் ஏராளம். இதிலோ மிகச் சில. நிரம்பிய சத்திப் பட்டையின் உச்சி அடுத்த பட்டையின் அடியைச் சற்றே மேவி நிற்பதால் அந்தச் சிலவும் கிடைக்கின்றன.

இந்தப் பட்டைகளை ஆராய்ந்தவர்களுள் முன்னணியில் நின்றவர் மில்ட்ரெட் டிரெசல்ஹவுஸ். 1930இல் நியூயோர்க்கில், வறிய குடும்பத்தில் பிறந்தார். ஆசிரியையாகும் எண்ணத்துடன் ஹன்ரர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கற்பித்த ரோசலின் யாலோ அவரைப் பௌதிகத்தின் பக்கம் திருப்பினார். அந்த யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றவர். டிரெசல்ஹவுசும் சகாக்களும் 1968இல் லேசர் ஒளியைக் கொண்டு, காரீயத்தில் இலத்திரன்களும் துளைகளும் இருக்கும் இடங்கள் அதுவரை மாறிக் குறிக்கப்பட்டிருந்ததைக் காட்டினர்.

இலத்திரனுக்குத் தற்சுழற்சி உண்டு. அது ஒரு சிறு காந்தம். கருவைச் சுற்றி விரையும் இலத்திரனின் பார்வையில், ஏற்றமுள்ள கருவே தன்னைச் சுற்றுகிறது. அதனால் தோன்றும் காந்தப்புலம் தற்சுழற்சியோடு இணைந்து சத்தி மட்டங்களை மாற்றுகிறது. 6 புரோத்தன்கள் உள்ள காபனில் இவ்விளைவு மிகச் சிறிது; 83 உள்ள பிசுமதில் மிகப் பெரிது.

ஒற்றைக் காபன் தாளில் இவ்விளைவால் உட்பகுதி மின்னைக் காவாது, விளிம்பு மட்டும் காவும் என்று 2005இல் கேனும் மெலேயும் கணித்தனர். காபனில் அதைக் காண்பது அரிது. பாரமான அணுக்களாலான தங்குதன் இருதெலூரைட்டின் ஒற்றைப் படையில், 100 கெல்வின் வரை அது நிகழ்வதை 2018இல் கண்டனர்.

சகோதரிகளே, ஓர் ஆசிரியையின் தூண்டுதல் ஒரு துறையையே வளர்த்தது. பௌதிகம் பெண்பிள்ளைக்குப் பாரம் என்று இன்றும் சில வீடுகளில் சொல்லுகிறார்கள். உயர்தரத்துக்குப் பாடம் தெரியும் வேளையில் அந்தச் சொல்லே ஒரு பிள்ளையின் வழியை மறித்துவிடும். எங்கிருந்தாலும் நம் தங்கைமாருக்கு ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, ஆய்வுகூடத்துக்கு ஒரு கருவி என்று நாம் துணை நிற்போம்.