ஓராண்டில் இரண்டு தேர்வுகள்



பணி நாடிச் செல்வோர் நேர்முகத் தேர்வில் சந்திக்கும் விந்தைகள் பல. தமிழாசிரியர் பணி ஒன்றுக்காகக் கும்பகோணத்தில் நடந்த ஒரு தேர்வு, அவற்றுள் தனியிடம் பெறத்தக்கது.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்த வித்துவான் தியாகராச செட்டியார், உடல்நலக் குறைவால் 1880ஆம் ஆண்டு ஓய்வுபெற முனைந்தார். தம் இடத்துக்கு உரியவராக அவர் கருதியவர் திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடஞ்சொல்லி வந்த உ.வே. சாமிநாதையர். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். ஐயருக்கு அப்போது வயது இருபத்தைந்து நிரம்பும் தறுவாய். ஆங்கிலக் கல்வி இல்லை. பள்ளித் தேர்வில் தேறிய சான்றிதழும் இல்லை. குருகுலத்தில் கற்ற தமிழ் ஒன்றே கைப்பொருள்.

கல்லூரி ஆசிரியர்கள் கூடிய அவையில் அவரை ஆராய்ந்தார்கள். பாடல்களைச் சொல்லவும் பொருள் விரிக்கவும் செய்தார்கள். பின்னர் அங்கேயே ஒரு செய்யுள் இயற்றச் சொன்னார்கள். அதற்குத் தரப்பட்ட பொருள்தான் வியப்புக்குரியது. அந்தப் பணியைத் தமக்கு அளிக்குமாறு செட்டியாரிடமே வேண்டுவதாகப் பாட வேண்டும்! விண்ணப்பமும் விடையும் ஒரே பாட்டில் அடங்கின. பணி கிடைத்தது, மாத ஊதியம் 50 ரூபாய்.

அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் இரண்டாவது தேர்வு நிகழ்ந்தது. அதைத் தேர்வென்று எவரும் அறிவிக்கவில்லை. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் மரியாதையின் பொருட்டுக் காணச் சென்றார். என்ன கற்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என நீண்ட பட்டியலை ஐயர் அடுக்கினார். கேட்டவரிடம் வியப்பே இல்லை. இவற்றால் என்ன பயன் என்னும் பொருள்பட ஒரு சொல். அடுத்துச் சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டா என்ற வினா. நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கத் தடையில்லை என்றார் ஐயர்.

முதல் தேர்வில் வென்றவர் இரண்டாவதில் வெல்லவில்லை. ஆயினும் தமிழுக்கு விளைந்த நன்மையெல்லாம் இந்த இரண்டாவது தேர்வினால்தான். முதலியார் நூற்படியை அளித்தார். பொருள் விளங்காத இடங்களைச் சைன அன்பர்களிடம் கேட்டுத் தெளிந்தார் கல்லூரி ஆசிரியர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. அறியாததை அறியேன் என்று சொன்ன நாளிலிருந்தே இந்த அறுவடை தொடங்கியது.

செட்டிநாட்டுக்கும் இத்தகைய பெருமை உண்டு. மகிபாலன்பட்டியில் பிறந்த பண்டிதமணி கதிரேசன் செட்டியார் திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே பயின்றவர். 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபையைத் தோற்றுவித்தார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பட்டம் இல்லாதவரிடம் பட்டதாரிகள் பாடங்கேட்டனர்.

இன்று கல்லூரிப் பணிக்கு முதுகலையில் குறித்த மதிப்பெண் வேண்டும். தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். இவ்விதியின்படி சாமிநாதையரும் பண்டிதமணியும் நேர்முகத் தேர்வின் வாயிலையே மிதித்திருக்க இயலாது. அதனால் விதியே வேண்டாம் என்பது பொருந்தாது. விதி இல்லாத இடத்தில் வேண்டியவர்க்கு வேலை போய்ச் சேரும். ஐயருக்கும் செட்டியாரின் பரிந்துரை இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்தப் பரிந்துரை பலர் அறிய அவையில் உரைத்துப் பார்க்கப்பட்டது; பரிந்துரைத்தவரின் பெயரும் அங்கே பணயமாக நின்றது.

முனைவர் பட்டம் பெற்றும் கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுகளைக் கழிக்கும் இளைஞர் இன்று பலர். ஆய்வேட்டின் பக்கங்களை எண்ணும் அவைகளில், இனி நீ எதைக் கற்க விரும்புகிறாய் என்று கேட்பார் அரியர். முதலியாரின் வினாவில் கடுமை இருந்தது. ஆனால் வினவியவர் கையில் கொடுப்பதற்கு ஒரு நூலும் இருந்தது. குறையைக் காட்டுவோர்க்கு அதை நிறைவு செய்யும் கடமையும் உண்டு.

பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்துக்கும் இது பொருந்தும். முதற்கவிதையுடன் அரங்கேறும் இளங்கவிஞரும் ஒருவகையில் நேர்முகத் தேர்வுக்கு வந்தவரே. அவரிடம் கேட்கப்படும் வினா எதுவாயினும், அவர் வீடு திரும்பும்போது கையில் படிக்க ஒரு நூல் இருக்கட்டும்.