கொழுந்து லொறியும் கொதிக்கிற தண்ணியும்

(கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் லொறிச் சாரதிகளுக்கும் கிளீனர்மாருக்கும் நடந்த ஒருநாள் வகுப்பில், ஓய்வுபெற்ற தோட்டச் சாரதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முதலில் என் வலது கையைப் பாருங்க. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிக் கிடக்குது. எனக்குப் பத்தொன்பது வயசு. கொழும்பிலிருந்து உர மூட்டை ஏத்திக்கிட்டுக் கடுகண்ணாவை ஏத்தத்தில வந்துக்கிட்டிருந்தோம். டோசன் கோபுரத்துக்குக் கொஞ்சம் கீழே லொறி கொதிச்சு நின்னுருச்சு. சாரதி அண்ணன் வாளியைத் தூக்கிக்கிட்டுத் தண்ணி தேடிப் போனார். அவர் வர்றதுக்குள்ள நான் கெட்டிக்காரத்தனம் காட்டுறேன்னு, சாக்குத் துண்டால பிடிச்சு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். அடுத்த நொடி என்ன நடந்ததுன்னு இந்தக் கை சொல்லும். முகத்தைத் திருப்பியிருந்ததால கண் தப்பிச்சுது.

எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க. இன்னைக்கு நான் சொல்லப் போறதில மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஏன் அப்படி? அதைப் புரிஞ்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தன்னால புரியும்.

டீசல் எரிஞ்சு வர்ற சூட்டில ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுத்துது. இன்னொரு பங்கு புகைக் குழாய் வழியாகப் போகுது. மிச்சப் பங்கில பெரும்பகுதியைத் தண்ணிதான் வெளியே கொண்டு போகணும். கொழுந்தைச் சாக்கில அமுக்கி வச்சா என்ன ஆகும்? உள்ளுக்குள்ள சூடேறிச் சிவந்து போகும். அதனாலதானே ஃபெக்டரியில வாட்டுத் தொட்டியில பரப்பி, விசிறியால காத்து விடுறோம்? ரேடியேட்டரும் அதே வேலைதான். எஞ்சினுக்குள்ள சூடேறின தண்ணியை மெல்லிய குழாய்களில பரப்பி, விசிறி காத்தால ஆற வைக்குது. வாட்டர் பம்ப் அதைத் திரும்ப எஞ்சினுக்குள்ள தள்ளுது.

கடல் மட்டத்தில தண்ணி 100 பாகை செல்சியஸில கொதிக்கும். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். இங்கே 98 பாகையிலேயே கொதிச்சிடும். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே 94 பாகை போதும். அங்கே பருப்பு வேக நேரம் எடுக்குதுன்னு நம்ம வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். தண்ணி கொதிக்குது, ஆனா சூடு பத்தாது. லொறி எஞ்சினோ 80லிருந்து 95 பாகையில ஓட வேண்டியது. கம்பளையிலிருந்து புசல்லாவை, ராம்பொடை வழியா ஏத்தத்தில போகும்போது அந்தச் சூடு இன்னும் கூடும். அப்போ தண்ணி கொதிக்காம யார் காக்கிறது? அந்தச் சின்ன மூடிதான். அதில ஸ்பிரிங் இருக்கு, ரப்பர் சீல் இருக்கு. 0.9ன்னு குறிச்ச மூடி, உள்ளே அமுக்கத்தை ஏத்தி, கொதிநிலையை 18, 20 பாகை வரைக்கும் உயர்த்தும். மலையிலும் 110 பாகை தாண்டித்தான் கொதிக்கும்.

அந்த அமுக்கத்தைத்தான் நான் அன்னைக்குத் திறந்து விட்டேன். 105 பாகையில அமைதியா இருந்த தண்ணி, மூடி கழன்றதும் ஒரே நொடியில ஆவியாப் பொங்கி என் கையில ஊத்துச்சு. சீல் கிழிஞ்ச மூடியோட மலை ஏறினாலும் இதே அமுக்கம் இல்லாம லொறி கொதிக்கும். மூடி கெட்டா அதே எண் குறிச்ச மூடியைத்தான் வாங்கணும். சாக்குத் துண்டை அடைச்சுக் கட்டுறது சரிவராது.

சரி, காலையில பிரட்டுக்கு முந்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போது என்ன பார்க்கணும்? ஐந்து நிமிஷ வேலை.

ஒன்று: தண்ணி மட்டம். தினமும் குறையுதுன்னா எங்கேயோ ஒழுகுது. ஊத்தி நிரப்பிட்டுப் போறது மருந்தில்லை, ஒழுகுற இடத்தைத் தேடணும். வாட்டர் பம்புக்கு அடியில சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும். அதில ஈரம் கசிஞ்சா பம்ப் சீல் போகுதுன்னு அர்த்தம். அந்த ஓட்டையை அடைக்காதீங்க. அது உங்களுக்கு முன்கூட்டியே சேதி சொல்றதுக்குத்தான் இருக்கு.

இரண்டு: ஹோஸ். கையால அமுக்கிப் பாருங்க. கொழகொழன்னு இருந்தாலும், வீங்கினாலும், வெடிப்பு தெரிஞ்சாலும் மாத்துங்க. கீழ் ஹோஸ் தளர்ந்தா, பம்ப் இழுக்கும்போது உள்வாங்கி ஒட்டிக்கும். நிக்கும்போது நல்லாத்தான் தெரியும். ஏத்தத்தில காலை வாரும்.

மூன்று: ஃபேன் பெல்ட். நடுவில பெருவிரலால அமுக்கினா 10லிருந்து 15 மில்லிமீற்றர் வரை இறங்கலாம். அதிகமாத் தளர்ந்தா வழுக்கும், ரொம்ப இறுகினா பம்ப் பெயாரிங் தேயும்.

நான்கு: ரேடியேட்டர் முகம். நம்ம தோட்டப் பாதையில தூசி, பூச்சி, புல்லு எல்லாம் அதில போய் அடைச்சுக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்துத் தண்ணி அடிக்கணும். முன்பக்கமிருந்து அடிச்சா அழுக்கு இன்னும் உள்ளே போகும். தகடுகள் மெல்லியது, அதிக வேகமா அடிச்சா மடங்கிடும்.

ஐந்து: எண்ணெய்க் குச்சி. எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில இருந்தா தண்ணி கலந்திருக்கு. ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், உடனே சொல்லுங்க. ரேடியேட்டரில குமிழி ஓயாம வந்தாலும், தண்ணி மேல எண்ணெய் மிதந்தாலும், சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்காம வந்தாலும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்க.

அடுத்தது என்ன தண்ணி ஊத்துறது? "இங்கே பனிக்கட்டியா விழுது, கூலன்ட் எதுக்கு?"ன்னு நிறையப் பேர் கேக்கிறாங்க. கூலன்ட் உறையாம இருக்கிறதுக்கு மட்டும் இல்லை. துருப் பிடிக்காம இருக்கிறதுக்கும், கொதிநிலையை இன்னும் உயர்த்துறதுக்கும்தான். திகன, மாத்தளைப் பக்கம் சுண்ணாம்புக் கல் பூமி. அங்கே கிணத்துத் தண்ணி காய்ச்சுற கேத்தலுக்குள்ள வெள்ளையாப் படியுதில்லையா? அதே படிவு எஞ்சினுக்குள்ளும் படியும். அது கம்பளி போர்த்தின மாதிரி, சூட்டை வெளியே விடாது.

பெரிய டீசல் எஞ்சினில இன்னொரு சங்கதி. லைனரோட வெளிப்பக்கம் தண்ணி நேரடியாப் படும். ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிரும்போது நுண்ணிய குமிழிகள் உண்டாகி, உடைஞ்சு, இரும்பைப் புள்ளி புள்ளியா அரிக்கும். கடைசியில ஓட்டை விழுந்து தண்ணி எண்ணெய்க்குள்ள இறங்கிடும். சரியான கூலன்ட்டில இருக்கிற மருந்து இதைத் தடுக்கும். சுத்தத் தண்ணி பாதி, கூலன்ட் பாதின்னு கலக்குறது வழக்கம். கலந்தே வர்றதை அப்படியே ஊத்தலாம். கலக்கிறதுக்குப் பட்டறிக்கு ஊத்துற தண்ணி நல்லது. போத்தலில எத்தனை வருஷம்னு போட்டிருக்கோ அத்தனை வருஷத்தில மாத்துங்க.

கழட்டின கூலன்ட்டை என்ன செய்றீங்க? கானில ஊத்திடாதீங்க. அதில இருக்கிற எத்திலீன் கிளைக்கோல் விஷம், ஆனா ருசி இனிப்பு. நாய் நக்கும், பிள்ளையும் குடிக்கும். சோடாப் போத்தலில ஊத்தி லயத்தில வைக்கவே கூடாது. யாராவது குடிச்சிட்டா வீட்டு வைத்தியம் பார்த்துக்கிட்டு நிக்காம, போத்தலையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

இன்னொரு கெட்ட பழக்கம், தெர்மோஸ்டட்டைக் கழட்டி எறியிறது. "அது இருந்தாத்தான் சூடாகுது"ன்னு கராஜில சொல்லுவாங்க. அது இல்லாட்டி எஞ்சின் பதமான சூட்டுக்கே வராது. டீசல் கூடக் குடிக்கும், உள்ளே தேயும். சில எஞ்சினில தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம குறுக்கு வழியிலேயே சுத்தி, சூடு இன்னும் கூடும். சந்தேகமா இருந்தா சட்டியில தண்ணி வச்சு, அதில தொங்கவிட்டுக் காய்ச்சிப் பாருங்க. அதில குறிச்ச சூட்டில, பெரும்பாலும் 82 பாகை கிட்ட, திறக்க ஆரம்பிச்சா நல்லது. கொதிச்சும் திறக்காட்டி மாத்துங்க.

ஓட்டுற விதமும் இருக்கு. ஏத்தத்தில பெரிய கியரில முக்கி முக்கி ஏத்தாதீங்க. அப்போ எஞ்சின் மெதுவாச் சுத்தும், பம்பும் விசிறியும் மெதுவாத்தான் சுத்தும், சூடு மட்டும் கூடும். நேரத்தோட கியரைக் குறைங்க. இறக்கத்தில நியூட்ரலில விடவே வேண்டாம். அது பிரேக்கைக் கொல்லும், ஆளையும் கொல்லும். டர்போ எஞ்சினா இருந்தா, ஏத்தம் ஏறி வந்ததும் மூணு நாலு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைங்க.

வழியில சூடு ஏறிட்டா? ஓரமா நிறுத்திக் கல் அண்டை கொடுங்க. மேலே இருக்கிற ஆட்களை இறக்குங்க. பெல்ட்டும் தண்ணியும் இருந்தா உடனே அணைக்காம ஓடவிட்டா மெல்ல ஆறும். பெல்ட் அறுந்தாலோ, தண்ணி கொட்டினாலோ உடனே அணைங்க. அரை மணி நேரமாவது விட்டு, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, அது நல்லா ஆறின பிறகு, தடிச்ச துணி போட்டு முதல் பூட்டு வரைக்கும் மட்டும் திருகி, ஆவி முழுசாப் போன பிறகு திறங்க. சூடான எஞ்சினில பச்சைத் தண்ணியை ஊத்தினா சிலிண்டர் ஹெட் வெடிக்கும். மீற்றரையும் முழுசா நம்பாதீங்க. தண்ணி முழுக்கப் போயிட்டா மீற்றர் முள் கீழே இறங்கிக் காட்டும். முள் திடீர்னு விழுந்தா, சூடு தணிஞ்சதுன்னு சந்தோஷப்படாம நிறுத்திப் பாருங்க.

கடைசியா ஒரு கதை. என் கூட்டாளி ஒருத்தன் வேறொரு தோட்டத்தில சாரதி. ரேடியேட்டர் ஒழுகுதுன்னு மூணு தடவை வாயால சொன்னான். யாரும் கேக்கல. ஒருநாள் ஹெட் வெடிச்சுது. விசாரணையில, "நீ சொன்னதுக்கு என்ன அத்தாட்சி?"ன்னு கேட்டாங்க. அவன்கிட்ட ஒண்ணும் இல்லை. மாசா மாசம் சம்பளத்தில வெட்டு. அதனால சொல்றேன்: குறையைக் கண்டா லொறிப் புத்தகத்தில திகதி போட்டு எழுதுங்க, பொறுப்பானவர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. எழுத வராட்டி உங்க பிள்ளையை எழுதச் சொல்லுங்க. கிளீனர் தம்பிமாரும் படிச்சுப் பழகுங்க.

2020இல வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. பிறகுதான் படிப்படியாத் திறந்தாங்க. இன்னைக்கும் புது லொறி விலை நம்ம தோட்டங்களுக்கு எட்டாத விலை. பழைய லெய்லாண்டும் டாட்டாவும் இசுசுவும்தான் இன்னும் கொஞ்ச காலத்துக்கு நம்மைச் சுமக்கப் போகுது. பகலில கொழுந்து ஏத்துற லொறியிலதான், ராத்திரி வலி வந்த பிள்ளைத்தாய்ச்சியையும் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறோம். அந்த ராத்திரியில லொறி நடுவழியில நிக்கக் கூடாது. அதுக்குத்தான் காலையில அந்த ஐந்து நிமிஷம்.

நாளைக்கு லொறிகிட்டப் போனதும், எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முந்தி, முதலில பானட்டைத் திறங்க.