கருவியும் ஆசிரியரும்



தொலைவழிக் கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் கருவிகளைக் கணக்கிடுகிறோம், ஆசிரியரை மறந்துவிடுகிறோம். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி சென்றது. அத்திட்டத்திலேயே சுமார் 48,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அறிவியல் கற்பிக்கப் பயிற்சி பெற்றனர். தொலைக்காட்சியுடன் வானொலி, அச்சிட்ட பாடக்குறிப்புகள், செய்முறைகள், கலந்துரையாடல் ஆகியனவும் அப்பயிற்சியில் இடம்பெற்றன. அதுவே நமக்குரிய பாடம்.

2004இல் எஜுசாட் செலுத்தப்பட்டது. 2017இல் தீக்ஷா தளம் தொடங்கப்பட்டது. 2020இல் நிஷ்டா ஆசிரியர் பயிற்சி இணையவழியிலும் நடைபெறலாயிற்று. சாதனங்கள் மாறினும் ஆசிரியர் பணி மாறவில்லை. பாடம் தொடங்குமுன் மாணவரை ஆயத்தப்படுத்த வேண்டும். முடிந்தபின் அவர்தம் ஐயங்களைக் களைய வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் அப்பாடத்தைத் தாமே தொடரவும் வேண்டும். கருவியை இயக்கக் கற்பிப்பது அரைப் பயிற்சியே. பயின்ற முறையைத் தம் வகுப்பில் செய்து பார்க்க ஆசிரியருக்கு நேரமும், இடர்ப்படும்போது வழிகாட்டத் துணையும் அளித்தல் வேண்டும். இன்றேல் விலையுயர்ந்த கருவிகள் பூட்டிய அறைகளில் தூசி படிந்து கிடக்கும். இழப்பு ஏழைக் குழந்தைகளுடையதாகும்.