நெற்றியில் ஆயிரம் வாட் விளக்கு

வலி மாத்திரை விழுங்குகிறோம். அதன் பலத்தை அளப்பது எப்படி?

1940 வாக்கில் நியூயார்க்கில் ஹார்டி, வுல்ஃப், கூடெல் என்ற மூவர் தங்கள் உடம்பிலேயே அளந்து பார்த்தார்கள். நெற்றியில் கறுப்பு மை பூசி, ஆயிரம் வாட் விளக்கின் ஒளியை லென்ஸ் வழியே குவித்து மூன்று வினாடி பாய்ச்சுவார்கள். மை எதற்கு என்கிறீர்களா? தோல் என்ன நிறமானாலும் சூடு ஒரே அளவில் இறங்க வேண்டுமே. வெறும் சூடு 'சுரீர்' என்று வலியாக மாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆஸ்பிரினோ மார்ஃபினோ கொடுத்து மறுபடி விளக்கு. வலி தொடங்க இப்போது எவ்வளவு கூடுதல் சூடு தேவையோ, அவ்வளவு மருந்தின் பலம். வலிக்கு 'டால்' என்று ஓர் அலகுகூட வைத்தார்கள். பிரசவ வலியில் இருந்த பெண்களின் கையில் சூடு காட்டி, எது அதிகம் என்றும் பின்னாளில் கேட்டார் ஹார்டி. தாய்மார்களே, என்னைத் திட்டாதீர்கள்!

எனக்குப் பிடித்தவர் இனிமேல்தான் வருகிறார். ஹென்றி பீச்சர், என்னைப் போல மயக்க மருந்து டாக்டர். இரண்டாம் உலகப் போரில், படுகாயப்பட்ட 215 வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள்! உயிர் தப்பியாயிற்று, இனி போர்முனை இல்லை என்ற நிம்மதி அவர்களுக்கு. ஊரில் ஆபரேஷன் முடிந்தவர்களோ அதைவிடச் சின்னக் காயத்துக்கே மருந்து கேட்டார்கள்.

எங்கள் வார்டில் ஒரு பாட்டியிடம், "வலி பத்துக்கு எத்தனை?" என்றேன். "நீயே பாத்துப் போட்டுக்கோ சாமி, வீட்டுக்கு எப்ப விடுவே?" என்றார். பீச்சர் இருந்திருந்தால் பாட்டியைக் கட்டியணைத்திருப்பார்.

பீச்சரின் குழு, எந்த ஊசி எது என்று யாருக்கும் சொல்லாமல் விளக்குச் சோதனையைச் செய்து பார்த்தது. மார்ஃபினுக்கும் வெறும் உப்புநீருக்கும் நம்பகமான வித்தியாசம் தெரியவில்லை. விளக்கு மூன்று வினாடியில் அணைந்துவிடும் என்று தெரிந்தவனுக்கு என்ன பயம்? அதனால் 1966இல் கையில் ரத்த ஓட்டத்தைக் கட்டி நிறுத்தி, கைப்பிடியை அழுத்தச் சொன்னார்கள். மெல்ல ஏறி, விடாமல் நிற்கும் அந்த வலியில் மார்ஃபின் தன் வேலையைக் காட்டியது.

பனிக்கட்டி நீரில் கையை வைப்பது, மிளகாயின் காரச்சத்தைத் தோலில் பூசுவது போன்ற மற்ற சோதனைகள் பற்றியெல்லாம் சொல்ல ஆசை, நேரமில்லை. கடைவாய்ப் பல் எடுத்தவர்களிடம் சோதிப்பதும் இன்று வழக்கம். அது சோதனைக்காக உண்டாக்கியதல்ல, தேவையான சிகிச்சையால் வந்த நிஜ வலி. அடுத்த முறை டாக்டர் "பத்துக்கு எத்தனை?" என்றால் கூச்சப்படாமல் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.