பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை வாங்குவோர் கவனத்திற்கு

 

மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்ததும், தாயின் பழைய வளையலை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குச் செல்வது நம் குடும்பங்களில் வழக்கம். வளையல் 40 கிராம் நிற்கிறது. அழுக்கும் அரக்கும் கழித்து 38 கிராம் பொன் தேறுகிறது. சேதாரம், செய்கூலி என்று 4 கிராமைப் பிடித்துக்கொண்டு, 34 கிராம் சங்கிலியைக் கடைக்காரர் தருகிறார். பணம் கை மாறவேயில்லை. ஆயுள் முழுவதும் வட்டிக்கடை வாசலை மிதிக்காத குடும்பம், இந்த இடத்தில் வட்டிக்குள் கால் வைத்துவிட்டதை அறியாமலே வீடு திரும்புகிறது.

பொன்னுக்குப் பொன் மாற்றினால் எடைக்கு எடை சமமாகவும், அதே இடத்தில் கைக்குக் கையாகவும் மாற்ற வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. கூடுதல் கொடுத்தாலும் வட்டி, வாங்கினாலும் வட்டி. பழையது 20 காரட், புதியது 916 என்ற தர வேறுபாடும் இதை மாற்றாது.

"வேலைப்பாட்டுக்குக் கூலி வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். இதையே ஒரு பொற்கொல்லர் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். பொன்னை நகையாக்கி, தம் உழைப்பின் அளவுக்கு எடையில் கூடுதலாகப் பெற்று விற்பதாகச் சொன்னார். கூடாது என்றார்கள் இப்னு உமர் (ரலி). அவர் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டும் பதில் மாறவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி உள்ளது. மாற்றுக் கருத்துடைய அறிஞர் சிலர் உண்டு. எனினும் பெரும்பான்மையோர் நிலை இதுவே.

பொற்கொல்லர் தொழிலை மார்க்கம் வெறுக்கிறது என்று எவரும் எண்ண வேண்டாம். மக்காவின் புனித எல்லைக்குள் செடிகளை வெட்டத் தடை வந்தபோது, பொற்கொல்லர்களுக்குத் தேவைப்படும் இத்கிர் புல்லுக்கு நபி (ஸல்) அவர்கள் விலக்கு அளித்தார்கள். அலீ (ரலி) அவர்கள் தம் திருமண விருந்துச் செலவுக்கு அந்தப் புல்லைப் பொற்கொல்லர்களிடம் விற்கவே எண்ணியிருந்தார்கள்.

கல் பதித்த நகையில் இன்னும் கவனம் தேவை. கைபர் போரின்போது ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் பொன்னும் மணிகளும் கோத்த மாலை ஒன்றை 12 தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தால், பொன் மட்டுமே 12 தீனாருக்கு மேல் இருந்தது. பிரித்தறியாமல் இவ்வாறு விற்கலாகாது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். தீனார் பொற்காசு என்பதை நினைவிற் கொள்க.

வழி எளியது. பழைய நகையை விற்று அதன் விலையைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு அப்பணத்தில் புதியதை வாங்குங்கள். சேதாரமும் செய்கூலியும் அப்போது விலையின் பகுதியாகிவிடும், குற்றமில்லை. அதே கடையிலும் வாங்கலாம். ஆனால் இங்கேதான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருத்தலாகாது. தொகை வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தால் அதுவும் கைப்பற்றியதே என 1990-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்துள்ளது. ரசீதில் "பழைய தங்கம் கழிவு" என்று எழுதிக்கொள்வது மட்டும் போதாது.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் இப்படியே. அறுந்த சங்கிலியில் பொற்கொல்லர் புதிதாகச் சேர்க்கும் பொன்னுக்கு ஈடாக, வெட்டியெடுத்த பழைய துண்டுகளை அவரிடம் விட்டு வராதீர்கள். துண்டுகளை நிறுத்துத் திரும்ப வாங்குங்கள்; சேர்த்த பொன்னின் விலையையும் கூலியையும் பணமாக, நகையைக் கையில் வாங்கும் அப்போதே கொடுத்துவிடுங்கள்.