விடை சொல்லும் இயந்திரத்தில் நம் விளைபொருளுக்கு இடம்

(நேமத்தான்பட்டி உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு இவை பற்றிப் பேசுவதுதான் இக்கூட்டங்களின் வழக்கம். இன்று விளைந்த பொருளை விற்பது பற்றி, அதிலும் கைபேசியில் கேள்வி கேட்டு வாங்குகிறவரிடம் விற்பது பற்றிப் பேச விரும்புகிறேன். கருப்பு கவுனி அரிசி, செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் போன்றவற்றை வெளியூருக்கு அனுப்புவோர் சிலர் தமக்கென இணையதளம் வைத்துள்ளனர். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வைத்துள்ளன. "தளம் இருந்தும் விசாரிப்பவர் குறைந்துவிட்டனரே, ஏன்?" என்று கேட்போருக்காகவே இதைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் கூகுளில் ஒன்றைத் தேடினால் பல தளங்களின் பெயர்கள் வரிசையாக வரும். தேடுபவர் நான்கைந்தைத் திறந்து பார்ப்பார். சந்தையில் கடை கடையாக ஏறி இறங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2024 ஆகஸ்டில் கூகுளும் தன் தேடலில் இயந்திரமே தொகுத்துத் தரும் விடையை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. இப்போது சந்தைக்கு ஆள் போவதில்லை. இயந்திரம் போய்வந்து, "இன்னாரிடம் கிடைக்கும், இப்படிச் சமைக்க வேண்டும்" என்று சொல்லிவிடுகிறது. அது சொல்லும் பெயர்கள் மூன்றோ நான்கோதான். அதில் இல்லாதவர் கடை திறந்திருந்தும் மூடியது போலத்தான்.

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சு மாதத்துத் தேடல்களை ஆராய்ந்தது. இயந்திர விடை தோன்றிய தேடல்களில் 8 சதவீதத்தில் மட்டுமே மக்கள் ஏதேனும் ஒரு தளத்தைத் திறந்தனர். அவ்விடை இல்லாத தேடல்களில் இது 15 சதவீதம். விடைக்குள்ளேயே காட்டப்படும் தள இணைப்பை அழுத்தியவர்கள் 1 சதவீதம்தான். ஆகவே நம் தளத்துக்கு ஆள் வருவார், வந்தபின் விவரம் சொல்லலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. இயந்திரம் எடுத்துச் செல்லும் அந்த ஓரிரு வரியிலேயே நம் பெயரும் ஊரும் இருக்க வேண்டும்.

இயந்திரம் எப்படிப் படிக்கிறது?

அது ஒரு பக்கத்தை முழுமையாக எடுத்துக்கொள்வதில்லை. சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, கேட்ட கேள்விக்கு மிக நெருங்கிய துண்டுகளைப் பல தளங்களிலிருந்தும் பொறுக்கி, ஒன்றாகக் கோத்து விடை சொல்கிறது. "எங்கள் அரிசி தரத்தில் உயர்ந்தது, இன்றே வாங்குங்கள்" என்று நீங்கள் எழுதியிருந்தால், அந்த வரியைத் தனியே வெட்டி எடுத்துப் பாருங்கள். யாருடைய அரிசி? எந்த ஊர்? என்ன இரகம்? ஒன்றும் இல்லை. இயந்திரத்துக்கு அது பதர்.

சான்று விதை மூட்டையில் கட்டியிருக்கும் நீல அட்டையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பயிர், இரகம், குவியல் எண், பரிசோதனை நாள் எல்லாம் அதில் இருக்கும். நெல் என்றால் முளைப்புத் திறன் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, புறத்தூய்மை 98 சதவீதம் வேண்டும் என்று அளவும் உண்டு. அந்த அட்டையில் "மிகச் சிறந்த விதை" என்று யாரும் அச்சிடுவதில்லை. நம் தளமும் அந்த அட்டையைப் போல இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: "சிவகங்கை மாவட்டம், காரைக்குடி அருகே நேமத்தான்பட்டியில் கண்மாய்ப் பாசன வயலில் விளைந்த நாட்டுக் கருப்பு கவுனி, 2025 சனவரியில் அறுவடையானது, உமி மட்டும் நீக்கி, தவிடு போகாத முழு அரிசியாக 1 கிலோ, 5 கிலோ பைகளில் நேரடியாக அனுப்புகிறோம்." இவ்வரியை எங்கே வெட்டி வைத்தாலும் பொருள் கெடாது.

அளவுகளில் கவனம் தேவை. மூட்டை என்றால் ஓர் ஊரில் ஓர் எடை, அடுத்த ஊரில் வேறு எடை. படி, மரக்கால் என்று எழுதினாலும் பக்கத்திலேயே கிலோ கணக்கைத் தந்துவிடுங்கள். இரகத்திலும் அப்படியே. நாட்டுக் கவுனி வேறு. நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட கோ 57 என்னும் கருப்பரிசி இரகம் வேறு. வயதும் வேறு, விளைச்சலும் வேறு. "கவுனி" என்று மட்டும் எழுதிவிட்டால் இயந்திரம் இரண்டையும் ஒரே களத்தில் கொட்டிவிட இடமுண்டு. வாங்குபவருக்கு ஒன்றைச் சொல்லி வேறொன்றை அனுப்பியதாகப் பழி நம்மேல் வரும்.

ஊர் பெயரும் விலாசமும்

இந்த ஊர்ப்பக்கத்தில் இதை விளக்கத் தேவையே இல்லை. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்த நகரத்தார், ஒரே பெயரில் பலர் இருந்ததால் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து விலாசம் வைத்துக்கொண்டனர். விலாசத்தைச் சொன்னால் ஆள் மாறாது. இயந்திரத்துக்கும் அப்படி ஒரு விலாசம் வேண்டும். நேமம் என்றால் இங்கே நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்று. திருவனந்தபுரத்திலும் ஒரு நேமம் உண்டு. மாவட்டப் பெயரோ இன்னும் குழப்பம். 1985 மார்ச்சு வரை இது இராமநாதபுரம் மாவட்டம். பிறகு பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். 1997 முதல் சிவகங்கை மாவட்டம். பழைய ஏடுகளும் புதிய ஏடுகளும் இணையத்தில் கலந்து கிடக்கின்றன. எனவே ஊர், வட்டம், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், தொலைபேசி எண் ஆகியவற்றை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். தளத்தில் ஒரு பெயர், கூகுள் வரைபடத்தில் வேறு பெயர், பையில் மூன்றாவது பெயர் என்று இருக்கலாகாது. ஆங்கில எழுத்தில் ஊர் பெயரையும் பொருளின் பெயரையும் மக்கள் பலவாறாக எழுதுகிறார்கள். வழக்கில் உள்ள எழுத்துமுறைகளை ஓரிடத்தில் குறித்து வைத்தால் போதும்.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், இயந்திரத்துக்கு அது பொருளற்ற குறிகளின் குவியல். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டுவிட்டது. அப்படியிருந்தும் அச்சகத்தில் அடித்த விளம்பரத்தைப் படமாக எடுத்து அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறோம். படத்தில் உள்ள விலைப்பட்டியலை இயந்திரம் படிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். படம் அழகுக்கு இருக்கட்டும். அதில் உள்ள செய்தியை ஒருங்குறியில் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள்.

தளம் அமைத்துக் கொடுத்தவரிடமும் ஒன்று கேளுங்கள்: "செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் நுழைய வாசல் திறந்திருக்கிறதா?" கிளவுட்ஃபிளேர் என்னும் நிறுவனம் தன்னிடம் புதிதாகச் சேரும் தளங்களுக்கு, 2025 சூலை முதல், இவ்வியந்திரங்களைத் தடுக்கும் ஏற்பாட்டையே இயல்பாக வைக்கத் தொடங்கியது. மடையை அடைத்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

சிறியவருக்கு இடம் உண்டா?

உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், டெல்லி ஐ.ஐ.டி. ஆகியவற்றைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023இல் இதைச் சோதித்து வெளியிட்டனர். 10,000 கேள்விகளைத் திரட்டி, பக்கங்களைப் பலவிதமாக மாற்றி எழுதிப் பார்த்தனர். ஆதாரம் காட்டுதல், எண்ணிக்கை தருதல், உரியவர் கூற்றை எடுத்துக்காட்டுதல் ஆகியவை, விடையில் ஒரு தளம் பெறும் இடத்தை 40 சதவீதம் வரை உயர்த்தின. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணித்தது பலன் தரவில்லை. இதைவிட முக்கியமான ஒன்று: ஆதாரம் காட்டி எழுதியபோது, தேடல் வரிசையில் ஐந்தாவதாக இருந்த தளத்தின் இடம் இரு மடங்குக்கு மேல் ஆனது, முதலாவதாக இருந்ததன் பங்கு சுமார் 30 சதவீதம் குறைந்தது. பெரிய வணிகருக்குப் பின்னால் நிற்கும் நமக்கு இதுவே வழி.

உழவர் காட்டக்கூடிய ஆதாரம் என்ன? தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையின் சான்று இருந்தால் அதன் எண்; அரிசியை ஆய்வகத்தில் பரிசோதித்திருந்தால் ஆய்வகப் பெயர், நாள், கண்ட அளவு. சான்று இல்லையென்றால் என்ன உரமிட்டீர்கள், என்ன மருந்து தெளித்தீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். அதையும் படித்து வாங்குவோர் இருக்கிறார்கள்.

கவுனி அரிசி நீரிழிவைக் குணமாக்கும், புற்றுநோயைப் போக்கும் என்றெல்லாம் எழுதுவதைப் பார்க்கிறேன். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன. இயந்திரம் அவ்வரியை எடுத்து நம் பெயரோடு சேர்த்து நாலு பேருக்குச் சொன்னால், நம்பி மாத்திரையை நிறுத்துகிறவரும் இருக்கலாம். வேண்டாம், ஐயா.

"பணம் கட்டுங்கள், முதலிடத்தில் வர வைக்கிறோம்" என்று தொலைபேசியில் கேட்போரும் பெருகிவிட்டனர். முதலிடத்துக்கு யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே அறிவித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் "எங்களையே பரிந்துரை செய்" என்று இயந்திரத்துக்குக் கட்டளை எழுதி வைக்கும் தந்திரமும் நடக்கிறது. நெல்லை நனைத்து எடை ஏற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

செலவில்லாத வேலை ஒன்று சொல்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவோர் தொலைபேசியில் கேட்பதை ஒரு மாதம் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "கவுனி எத்தனை மணி நேரம் ஊறணும்?", "குக்கர்ல எத்தனை விசில்?", "வண்டு விழாம எப்படி வைக்கிறது?" இதே கேள்விகளைத்தான் இயந்திரத்திடமும் கேட்கிறார்கள். ஒவ்வொரு கேள்வியையும் தலைப்பாக வைத்து, கீழே மூன்று நான்கு வரியில் உங்கள் வீட்டுப் பெண்கள் செய்யும் முறையையே எழுதுங்கள். விடை முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். ஊர்ப் பெருமையெல்லாம் அதற்குப் பிறகு.

மாதம் ஒருமுறை நீங்களே அக்கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இயந்திரத்திடம் கேட்டு, என்ன சொன்னது, எந்தத் தளத்தைக் காட்டியது என்று அதே நோட்டில் குறியுங்கள். அறுவடைக்குப் பின் நாளையும் விலையையும் திருத்துங்கள். சரக்குத் தீர்ந்தால் தீர்ந்தது என்று போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தளத்தின் முதல் பக்கத்தை அச்செடுத்து, நோட்டையும் கொண்டுவாருங்கள். வரி வரியாகப் பார்த்துத் திருத்துவோம்.