அடுத்த அறையில் கிரைண்டர்

அடுக்களையில் கிரைண்டர் ஓடுகிறது. நீங்கள் கூடத்தில் பேப்பர் படிக்கிறீர்கள். முதலில் இரைச்சலாக இருந்தது, அப்புறம் காதிலேயே விழவில்லை. திடீரென்று கல் ஓடும் சத்தம் மாறுகிறது. சட்டென்று தலை திரும்புகிறது. காதில் விழாத சத்தம் மாறியது மட்டும் எப்படித் தெரிந்தது?

ஃபின்லாந்து உளவியலாளர் ரிஸ்டோ நாட்டனென் 1978இல் சகாக்களுடன் எழுதிய கட்டுரையில் இதற்கொரு தடயம் கொடுத்தார். இதற்கு வழக்கமாகச் செய்யும் சோதனை ரொம்ப எளிது. தலையில் மின்முனைகளை ஒட்டி, ஓசையில்லாத படம் ஒன்றைப் பார்க்க உட்கார வைப்பார்கள். காதில் 'பீப், பீப்' என்று ஒரே தொனி. அதைக் கவனிக்கவே வேண்டாம் என்பார்கள். இடையிடையே ஒரு பீப் மட்டும் கொஞ்சம் தூக்கலாக வரும். படத்தில் ஆழ்ந்திருப்பவருக்கு அது தெரிவதில்லை. மூளைக்குத் தெரிகிறது. ஒலி மாறிய கால் விநாடிக்குள் மின்வரைவில் ஒரு சின்னப் பள்ளம் விழுகிறது. மிகச் சின்னது, ஒரே ஒரு பீப்பில் பிடிபடாது. நூற்றுக்கணக்கான முறை பதிந்து சராசரி எடுத்தால்தான் தெரியும். 'மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி' என்று அதற்குப் பெயர்.

உரத்த சத்தத்துக்கு மூளை துள்ளுகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படியில்லை. ஒலி சற்றுத் தணிந்தாலும், வேகமான வரிசையில் ஒரு பீப் வராமலே போனாலும் அந்தப் பள்ளம் விழும். வராத ஒலிக்கு எதிர்வினை! அடுத்து இதுதான் வரும் என்று மூளை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. கணக்குத் தப்பினால் குறித்துக்கொள்கிறது.

தாய்மொழியும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். எஸ்டோனிய மொழியில் உள்ள ஓர் உயிரொலி, உறவுமொழியான ஃபின்னிஷில் கிடையாது. 1997இல் வெளிவந்த ஆய்வில், அந்த ஒலிக்கு எஸ்டோனியர் மூளையில் பள்ளம் ஆழமாக விழுந்தது. ஃபின்லாந்துக்காரர்களுக்கு அவ்வளவாக இல்லை.

தூங்கும் பச்சிளங்குழந்தையிடமும் இந்தப் பள்ளத்தைப் பதிந்திருக்கிறார்கள். கோமாவில் கிடப்பவரின் காதிலும் மருத்துவர்கள் இந்த பீப்பை ஒலிக்க விடுவதுண்டு. பள்ளம் விழுந்தால் அவர் கண் விழிக்க வாய்ப்பு அதிகம். விழாவிட்டால் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது இல்லாமலே விழித்தவர்களும் உண்டு.